கட்டி முடித்த பின் திரும்பி வந்து பார்ப்பவர்கள்

வழக்கமாக இப்பக்கத்தில் ஃபிக்ஹுச் சட்டங்களையும் இஸ்லாமிய வரலாற்றையும் எழுதி வரும் நான், இம்முறை கட்டடங்களைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் ஜமாஅத்தின் அலுவலக அறையில் இரண்டு மாதங்களாக ஒரு வண்ணப்படம் மாட்டப்பட்டிருக்கிறது. பள்ளிவாசலையொட்டிய வக்ஃப் மனையில் எழவிருக்கும் வணிக வளாகத்தின் படம் அது. தரைத்தளத்தில் பதினான்கு கடைகள். மேலே இரண்டு தளங்களும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதி. முகப்பு முழுவதும் நீலக் கண்ணாடி, இடையிடையே பளபளக்கும் ஏசிபி பலகை. படத்தில் வானம் தெளிவாக இருக்கிறது, சாலையில் ஒரு லாரிகூட இல்லை. ஓசூரை அறிந்தவர்கள் இதைக் கண்டே சிரித்துவிடுவார்கள்.

வரைந்தவர் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர். இன்று பெங்களூரில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பணிபுரிகிறார். ஊர்ப்பற்றினால் கட்டணம் வாங்காமல் வரைந்து கொடுத்தார். படத்தை மாட்டிய அன்று, "ஹஜ்ரத், துஆ செய்யுங்கள். கட்டி முடித்ததும் ஒரு விருதுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்" என்றார். அவர் குரலில் ஆசை இருந்தது, பெருமை இல்லை. எந்த விருது, யார் கொடுப்பது, எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். புகைப்படங்களையும் வரைபடங்களையும் அனுப்பினால் போதுமாம். அப்படியானால் உள்ளே தங்கப்போகும் பெண்களை அவர்கள் பார்க்க மாட்டார்களா என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்றிரவு முதல் நான் இவ்விருதுகளைப் பற்றிப் படிக்கலானேன்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸாவின் மாடியில் ஹிஃப்ளு வகுப்புக்காக ஒரு கூடம் எழுப்பினோம். செலவு குறைவு என்பதற்காகத் தகரக் கூரை. பார்வைக்கு நன்றாக இருக்கும் என்பதற்காக மேற்குப் பக்கம் திறக்க முடியாத கண்ணாடி. வரைபடத்தில் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். பங்குனி பிறந்ததும் லுஹருக்குப் பிறகு அங்கே பிள்ளைகளை உட்கார வைக்க முடியவில்லை. மழை வந்தால் தகரத்தில் விழும் ஓசையில் ஓதும் பிள்ளையின் குரல் எனக்குக் கேட்பதில்லை. ஓர் எழுத்து பிழையாக வந்தாலும் திருத்த வழியில்லை. ஓதுவதற்கென்றே கட்டிய இடத்தில் ஓதுவதைக் கேட்க முடியவில்லை. கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரரோ வரைந்தவரோ அதன்பின் ஒருநாளும் மாடியேறி வரவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வாருங்கள் என்று நாங்களும் அழைக்கவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

கட்டடக்கலை விருதுகளில் பலவும் ஒரு மனிதரின் வாழ்நாள் பணியைப் போற்றுபவை. 1979இல் தொடங்கிய பிரிட்ஸ்கர் பரிசு அத்தகையது. இந்தியரில் முதன்முதலாக 2018இல் பாலகிருஷ்ண தோஷி அதைப் பெற்றார். 1977இல் நிறுவப்பட்ட ஆகா கான் கட்டடக்கலை விருதின் போக்கு வேறு. அது ஒரு மனிதருக்கன்றி ஒரு கட்டடத்துக்கு, அல்லது ஒரு பணிக்கு, வழங்கப்படுவது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் சமூகங்களின் தேவைகளுக்கு நன்கு விடையளித்த பணிகளை ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் விருதுகள் 1980இல் லாகூரின் ஷாலிமார் தோட்டத்தில் வழங்கப்பட்டன. இன்று பரிசுத்தொகை 10 லட்சம் டாலர்.

இதை நிறுவிய நான்காம் ஆகா கான் (2025 பிப்ரவரியில் காலமானார்) நிஸாரி இஸ்மாயிலிகளின் தலைவர். அகீதாவில் அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேறுபாட்டை வாசகர்கள் அறிவார்கள்; நானும் மறைக்கவில்லை. இங்கே பேசுவது செங்கல், காற்று, வெளிச்சம் ஆகியவற்றைப் பற்றி. பரிசு பெற்றவர்களிலும் பல சமயத்தார் இருக்கிறார்கள்.

இவ்விருதின் இரண்டு விதிகள் என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தன. ஒன்று, கட்டி முடித்து மக்கள் புழங்கத் தொடங்கிக் குறைந்தது ஓராண்டு கடந்த பணியே பரிசீலிக்கப்படும். குறும்பட்டியலில் வந்த ஒவ்வொரு பணியையும் காண வல்லுநர்கள் நேரில் அனுப்பப்படுகிறார்கள். அவர்கள் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, பயன்படுத்துவோரிடம் பேசி, எது ஒழுகுகிறது, எது பூட்டிக் கிடக்கிறது என்பதையெல்லாம் எழுதி நடுவர் குழுவிடம் தருகிறார்கள். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தப் படியைத் தாண்டாமல் பரிசு இல்லை.

இரண்டாவது, பரிசுத்தொகை ஆர்க்கிடெக்டுக்கு மட்டும் போவதில்லை. கட்டச் சொன்னவர், கட்டிய கொத்தர், பொறியாளர் என்று அப்பணியில் பங்கு கொண்டோருக்கு அது பகிரப்படும். 1983இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியிலுள்ள நியோனோ ஊரின் பெரிய பள்ளிவாசல் விருது பெற்றது. முழுவதும் மண்ணால் ஆன கட்டடம். அதை எழுப்பிய லாசினே மிந்தா ஒரு கொத்தர். நம் ஊரில் திறப்பு விழாக் கல்வெட்டில் அமைச்சர், முத்தவல்லி, நன்கொடையாளர் எல்லோர் பெயரும் இருக்கும். மேஸ்திரியின் பெயரை நான் ஒரு கல்வெட்டிலும் கண்டதில்லை.

"இதெல்லாம் மண்வீட்டுக்கும் மஸ்ஜிதுக்கும் சரி. வாடகைக்குக் கட்டுகிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று என் மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அலுவலகம், கடை, கிடங்கு, ஆலை என்று வணிகக் கட்டடம் வரைந்து பிழைப்பவருக்கு நிலத்தின் விலையும் சதுர அடிக் கணக்கும் கழுத்தை நெரிக்கின்றன. ஆனால் விருதுப் பட்டியலைப் புரட்டினால் வணிகக் கட்டடங்கள் தொடக்கம் முதலே இருக்கின்றன. 1980ஆம் ஆண்டின் முதற்பட்டியலிலேயே ஆக்ராவின் முகல் ஷெரட்டன் விடுதி உண்டு. தாஜ்மகாலுக்கு அருகே, அதனோடு போட்டியிடாமல் உயரம் குறைந்த கட்டடங்களாக, முற்றங்களைச் சுற்றிச் செங்கல்லில் எழுந்த ஐந்து நட்சத்திர விடுதி அது. ஏழையின் குடில் என்று யாரும் சொல்ல முடியாது.

1983இல் ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையம். இதைச் செய்தது அமெரிக்காவின் பெரிய வணிகக் கட்டட நிறுவனங்களில் ஒன்றான ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில். வானளாவிய அலுவலகக் கோபுரங்களுக்குப் பெயர் பெற்றவர்கள். அதன் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் இன்றைய வங்காளதேசத்தில் பிறந்தவர். ஆண்டில் சில வாரங்களே நிரம்பி வழியும் ஓர் இடத்தைக் குளிர்சாதனப் பெட்டியாக்கினால் என்னாகும்? அவர்கள் கூடாரத்தை நினைத்தார்கள். 210 கூடாரக் கூரைகள், பக்கங்கள் திறந்தவை, வெப்பக் காற்று மேலே ஏறி உச்சியின் திறப்பு வழியே வெளியேறும். இஹ்ராம் உடையில் பல மணி நேரம் காத்திருக்கும் வயோதிகர் ஒருவரை மனத்தில் வைத்துத் தொடங்கிய கணக்காகவே எனக்கு அது தோன்றுகிறது. ஃபஸ்லுர் ரஹ்மான் கான் 1982இல் காலமானார். அடுத்த ஆண்டே விருது அறிவிக்கப்பட்டது.

ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி ஆர்க்கிடெக்டுகள் ஒரே ஒரு பணியை மட்டும் படிக்க நேரமுள்ளவர்களென்றால், 2010இல் விருது பெற்ற இபெக்யோல் ஆலையைப் படிக்கட்டும். அது துருக்கியின் எதிர்னே நகரில் 2006இல் கட்டி முடிக்கப்பட்ட ஆடைத் தொழிற்சாலை. வடிவமைத்தது எம்ரே அரோலாத்தின் நிறுவனம்.

எதிர்னே கிரீஸும் பல்கேரியாவும் வந்து தொடும் எல்லை நகர். நமக்கு அத்திப்பள்ளி எப்படியோ, அவர்களுக்கு அந்த எல்லை. அதற்கப்பால் சந்தை, இப்பால் ஆலை. அப்படிப்பட்ட இடங்களில் ஆலை என்றால் நாம் அறிந்த வடிவம் ஒன்றுதான்: நீண்ட ஷெட், மேலே தகரம், சாலையைப் பார்த்த முனையில் கண்ணாடி போட்ட அலுவலகம். மேலாளர் ஒரு வாசல் வழியாகவும் தொழிலாளி வேறொரு வாசல் வழியாகவும் நுழைவார்கள். எங்கள் சாலையின் இரு மருங்கிலும் மைல் கணக்கில் இதுவே நிற்கிறது.

இபெக்யோலில் உற்பத்தியும் நிர்வாகமும் ஒரே கூரையின் கீழ் வந்தன. துணி உள்ளே வந்து, வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, தேய்க்கப்பட்டு வெளியேறும் வழியைப் பின்பற்றி ஆலையே லாட வடிவில் வளைகிறது. அந்தப் பெரும் பரப்பின் நடுநடுவே ஐந்து முற்றங்கள். தையல் எந்திரத்திலிருந்து தலை நிமிர்ந்தால் ஒரு செடி தெரியும், பகல் எவ்வளவு மீதமிருக்கிறது என்று தெரியும். தெற்கு முகம் கண்ணாடி. ஆனால் அதன் வெளிச்சமும் காட்சியும் உள்ளே வேலை செய்பவர்களுக்கானவை. வெப்பம் புகாத கூரைக்கும் சுவருக்கும் தனிக்கவனம் தந்திருக்கிறார்கள். குளிர்நாட்டுக் கண்ணாடியை நம் மேற்கு வெயிலில் அப்படியே வைக்கலாகாது என்பதை நான் மாடியில் படித்துவிட்டேன். முற்றத்துக்கு அந்தத் தடை இல்லை.

எனக்கு வியப்பளித்தது இதில் தானமோ தர்மமோ எதுவும் இல்லை என்பது. முதலாளி ஆடை விற்று இலாபம் காண்பவர். உற்பத்தி ஓட்டம் சீராவதும் தொழிலாளி களைப்படையாமல் இருப்பதும் அவர் கணக்கிலேயே வரும் வரவுகள். ஆர்க்கிடெக்ட் அந்தக் கணக்கைப் பேசத் தெரிந்தவராக இருந்திருக்கிறார். ஐந்து முற்றங்களையும் மனிதநேயம் என்று மட்டும் சொல்லி ஒரு முதலாளியிடம் கேட்டிருந்தால் முதல் கூட்டத்திலேயே அடித்துவிட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

எதிர்னே என்றதும் நம் மரபில் வேறொன்றும் நினைவுக்கு வர வேண்டும். உஸ்மானியப் பெருங்கலைஞர் மிஃமார் சினான் இரண்டாம் சலீமுக்காக எழுப்பிய சலீமிய்யாப் பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. 1570களில் முடிந்த அப்பணியின் குவிமாடத்தை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். அதன் அருகே, பள்ளியின் தளத்தைவிடத் தாழ்வாக, வளைகூரை மூடிய ஒரு கடைத்தெரு இருக்கிறது, அரஸ்தா என்பார்கள். பள்ளிவாசலின் வக்ஃபுக்கு வருமானம் வர வேண்டும் என்பதற்காகவே மூன்றாம் முராதின் காலத்தில் கட்டப்பட்ட கடைகள். சொல்லப்போனால் அதுவும் ஒரு ஜமாஅத் வணிக வளாகம்! நானூறு ஆண்டுகள் கழிந்தும் அங்கே வியாபாரம் நடக்கிறது. வாங்க வருபவருக்கு நிழல், விற்பவருக்குச் சம அளவிலான கடை, பள்ளிக்கு வாடகை. மூன்றும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

நம் ஊருக்குத் திரும்புகிறேன். ஓசூரில் சிப்காட் வந்தது 1970களில். வாகனம், கைக்கடிகாரம், இயந்திர உதிரி, இப்போது மின்னணுப் பொருள் என்று வளர்ந்து, 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி, 2019இல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. இந்த அரை நூற்றாண்டில் இங்கே எழுந்த கட்டடங்களில் எத்தனை, அவற்றில் வாழ்ந்தவர்களை நினைத்து வரையப்பட்டவை? ஒன்று உண்டு, பலர் அறிவதில்லை. டைட்டன் ஊழியர்களுக்காக ஓசூரையொட்டி அமைந்த குடியிருப்பை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. ஆகா கான் விருதின் தொடக்க காலத்தில் அதன் வழிகாட்டுக் குழுவில் இருந்தவர். பின்னர் போபால் சட்டமன்றக் கட்டடத்துக்காக 1998இல் அவ்விருதைப் பெற்றவரும் அவரே. நம் வெப்பத்துக்குத் திறந்த வானமே அறை என்று வாழ்நாள் முழுதும் எழுதியும் கட்டியும் வந்த மனிதர். அவர் கைபட்ட தெருக்கள் பக்கத்திலேயே இருக்க, நாங்கள் எலிவேஷனுக்கு மாதிரி தேடிப் பெங்களூரின் வெளிவட்டச் சாலைக்குப் போகிறோம்.

தோஷியின் இந்தோர் அரண்யா குடியிருப்பும் (1995ஆம் ஆண்டு விருது) எங்கள் விடுதிக்கு ஒரு பாடம் வைத்திருந்தது. அங்கே அவர் ஏழைகளுக்கு முடிந்த வீடுகளைத் திணிக்கவில்லை. சிறு மனையும், குடிநீரும், கழிவறையும், ஓர் அறையும் கொடுத்து, மீதியை அவரவர் வசதி வரும்போது கட்டிக்கொள்ள விட்டார். மாதிரியாகக் கட்டிய எண்பது வீடுகளில் திண்ணையும் படிக்கட்டும் தெருவை நோக்கியிருக்கும். பிற்காலத்தில் பல வீடுகள் உருமாறிவிட்டன. அது தோல்வி என்போர் உண்டு. வாழ்பவர் மாற்றிக்கொள்ள இடம் விட்டதே நோக்கம் என்பதால் நான் அப்படிக் கருதவில்லை.

இவற்றையெல்லாம் படிக்கப் படிக்க நான் பாடம் நடத்தும் ஸீரா நூல்களே வேறு வெளிச்சத்தில் தெரிந்தன. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிக்குப் பேரீச்ச மரத் தண்டுகளே தூண்கள், ஓலையே கூரை. கல் சுமப்பதில் தாமும் பங்கு கொண்டார்கள். அங்கே வீடற்ற தோழர்களுக்காக ஒரு நிழற்கூரை ஒதுக்கப்பட்டிருந்தது. ஸுஃப்பா என்று அதைப் பாடத்தில் சொல்லிக் கடந்துவிடுவேன். இன்று நினைத்துப் பார்க்கிறேன்: ஊர் விட்டு வந்தவர்களுக்கான தங்குமிடம் பள்ளிவாசலோடு சேர்ந்தே இருந்திருக்கிறது. பின்னர் உமர் (ரலி) அவர்கள் அப்பள்ளியைப் புதுப்பித்தபோது, மக்களை மழையிலிருந்து காக்குமாறும், தொழுவோரின் கவனத்தைச் சிதைக்கும் சிவப்பு, மஞ்சள் வண்ணங்களைத் தவிர்க்குமாறும் பணித்ததாக அறிவிப்பு உண்டு. மழையைப் பற்றிய அந்த அறிவுரையை எங்கள் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து பாடம் நடத்தியவன் நான்.

மாணவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "தம்பி, விருதுக்காரர்கள் ஓராண்டு கழித்து வந்து பார்ப்பதை, நீ வரையும் முன்னரே பார்த்து வர முடியாதா?" நாங்கள் இருவரும் பெண்கள் விடுதிக்குள் போகவியலாது. அவருடைய சகோதரியும் என் மனைவியும் வேறொரு பகுதியிலுள்ள ஒரு விடுதிக்கு, அங்குள்ள பெண்களின் அழைப்பின் பேரில், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்று வந்தார்கள். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்களும் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களும் இருந்தார்கள்.

அவர்கள் சொன்னவற்றில் எங்கள் படத்துக்குள் இருந்தது ஒன்றுகூட இல்லை. இரவு ஷிஃப்ட் முடித்து வருபவள் பகலில் தூங்க வேண்டும்; அவளுக்கு இருட்டும் அமைதியும் தேவை. அதே அறையில் பகல் ஷிஃப்டுக்காரிக்கு ஜன்னல் தேவை. ஆகவே ஷிஃப்ட் வாரியாக அறை பிரிய வேண்டும். தூங்கும் அறைகள் சாலைப் பக்கம் இருக்கலாகாது. துணி உலர்த்த வெயில் படும் மறைவான இடம் வேண்டும். இப்போது ஈரத்துணியை அறைக்குள்ளேயே கட்டிப் போடுகிறார்கள். அம்மாவிடம் தொலைபேசியில் பேச, மற்றவர் காதில் விழாத ஒரு மூலை வேண்டும். இந்தக் கடைசிச் செய்தியைச் சொன்னபோது என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. படிக்கட்டு மாதிரியான எந்த இடத்திலாவது உட்கார்ந்துதான் அந்தப் பிள்ளைகள் அழுது தீர்க்கிறார்களாம்.

எங்கள் படத்தில் அறைகள் நடுவிலிருந்த தாழ்வாரத்தை நோக்கியே திறந்தன. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஏசிபி பலகை இருந்தது.

மாணவர் மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டார். புதிய வரைபடத்தில் நடுவே ஒரு முற்றம் வந்திருக்கிறது; அறைகள் அதைச் சுற்றி அமைகின்றன. சாலைப் பக்கம் நீலக் கண்ணாடி போய், துளையிட்ட செங்கல் சுவரும் அதன் பின்னால் துணி உலர்த்தும் இடமும் வந்துள்ளன. கிருஷ்ணகிரிக் கருங்கல்லைப் பலகையாக அறுத்துக் கடைகளின் முன் நிழல் தரும் நடையாக நீட்டியிருக்கிறார். கடைகள் பதினான்கிலிருந்து பன்னிரண்டாகிவிட்டன. ஏசிபி, கண்ணாடிச் செலவு மிச்சமானாலும் இரண்டு கடையின் முன்பணமும் மாத வாடகையும் போகின்றன.

கடந்த கூட்டத்தில் முத்தவல்லி அவர்கள் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். அந்த வாடகையில்தான் விதவைகளுக்கான மாத உதவியும் எங்கள் ஊதியமும் வருகின்றன. "ஹஜ்ரத், இரண்டு கடை என்றால் எத்தனை குடும்பம் தெரியுமா?" என்று அவர் கேட்டபோது என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. பகலில் தூங்க முடியாத விடுதி எத்தனை மாதம் நிரம்பியிருக்கும் என்று மாணவர் ஒரு கணக்கை எடுத்து வைத்தார். அறைகளைக் குத்தகைக்குக் கேட்டிருக்கும் ஒப்பந்தக்காரர் இரண்டில் எதை விரும்புவார் என்று கேட்டுவர முடிவாகியிருக்கிறது.

விருதைப் பற்றி மாணவர் இப்போது பேசுவதில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: குடியேறி ஓராண்டு ஆனதும் வரைந்தவர் வந்து, தங்கியிருப்பவர்களின் குறைகளைக் கேட்டு எழுதித்தர வேண்டும். அந்த வருகைக்கு யார் பணம் கொடுப்பது என்று செயலாளர் உடனே கேட்டார். "ஜும்ஆவுக்கு நான் எப்படியும் ஊருக்கு வருகிறவன்தானே" என்றார் மாணவர். கூட்டத்தில் இருந்த மூத்த கொத்தனார் ஒருவர், தாமும் உடன் வருவதாகவும், முதலில் மதரஸா மாடிக்குப் போய்விட்டு வரலாம் என்றும் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை, இன்ஷா அல்லாஹ், அஸருக்குப் பின் மூவரும் அந்த மாடிக்கு ஏறுகிறோம்.